பாட்டு ஒன்றுதான், ஹெட்போனில் ஏன் வேறு மாதிரி கேட்கிறது? 38 வயதில் மறைந்த 'ஸ்டீரியோ தந்தை' ஆலன் ப்ளூம்லைன் கதை

பீட்டில்ஸ் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களின் ஸ்டீரியோ பதிப்பை ஹெட்போனில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பாடுபவர்களின் குரல் வலது காதில் கேட்கும். கிடார், டிரம்ஸ் எல்லாம் இடது காதில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரெண்டு பாட்டு முடிவதற்குள் தலை கனத்துவிடும். அதே பாட்டை அறையில் இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

பாட்டும் அதேதான், காதும் அதேதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

விஷயம் ரொம்ப எளிது. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் சத்தம் இடது காதுக்கு மட்டும் போவதில்லை. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வலது காதுக்கும் போய்ச் சேர்கிறது. வலது ஸ்பீக்கரும் அப்படித்தான். ஹெட்போனை மாட்டியதும் இந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடுகிறது.

ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்து, அதைச் சமாளிக்க ஒரு சர்க்யூட்டும் வரைந்து, 1931-ம் ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் 28 வயது ஆங்கிலேய இன்ஜினியர் ஒருவர். அவர்தான் ஆலன் டவர் ப்ளூம்லைன்.

இன்று செல்போன், கார், டிவி, தியேட்டர் என எங்கே ஸ்டீரியோ கேட்டாலும் அதில் அவர் கைரேகை இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்டீரியோ இசைத்தட்டுகூட கடையில் விற்று அவர் பார்த்ததில்லை. அவர் இறந்தது எப்படி என்பதே போர்க்கால ரகசியமாக மூடி வைக்கப்பட்டது. யார் இந்த ப்ளூம்லைன்? விரிவாகப் பார்க்கலாம்.

காலிங் பெல்லை ரிப்பேர் செய்த சிறுவன்

1903-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார் ஆலன் ப்ளூம்லைன். அப்பா செம்மி ப்ளூம்லைன் ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அம்மா ஜெஸ்ஸி டவர், தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஒருவரின் மகள்.

ஏழு வயதில் வீட்டு காலிங் பெல்லை ரிப்பேர் செய்துவிட்டு, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் என்று தன் பெயருக்குக் கீழே எழுதி அப்பாவிடமே பில் நீட்டினாராம் ஆலன். அவரது வாழ்க்கையை எழுதிய எல்லோரும் தவறாமல் சொல்லும் சம்பவம் இது.

எலக்ட்ரிசிட்டியில் கில்லாடியாக இருந்த பையன், படிப்பதில் மட்டும் பின்தங்கியிருந்தான். 12 வயது வரை அவனுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை என்று பிற்காலத்தில் அவரது சகோதரி சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார். வாசிக்கத்தான் தெரியாது, இருபடிச் சமன்பாடெல்லாம் நிறையத் தெரியும் என்பது ஆலனின் பதில்.

லண்டன் ஹைகேட் பள்ளியில் படித்த அவர், உதவித்தொகையுடன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தார்.

முதல் வேலை: ஒயரில் கசியும் சத்தத்தைத் தடுப்பது

1924-ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அது தொலைதூர டெலிபோன் வளர்ந்துகொண்டிருந்த காலம். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஒயர்களில், ஒரு லைனில் பேசுவது இன்னொரு லைனில் லேசாகக் கேட்கும். லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு இந்த 'கிராஸ் டாக்' தொல்லை நன்றாகவே தெரிந்திருக்கும். அதைக் குறைக்கும் கம்பிச் சுருள் அமைப்புகளை வடிவமைத்தார் ப்ளூம்லைன். மனிதக் காது எந்த ஸ்தாயியை எவ்வளவு கேட்கிறது என்பதையும் அங்கேதான் அளந்து பார்த்தார்.

இந்த இரண்டு வேலைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லைன்களுக்கு இடையே கசியும் சத்தம் ஒன்று, மனிதக் காது இன்னொன்று. அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிறந்தது.

1929-ல் கொலம்பியா கிராஃபோஃபோன் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவருடைய மேலதிகாரி ஐசக் ஷோன்பெர்க். இசைத்தட்டில் ஒலியை வெட்டிப் பதியும் கருவி அப்போது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் காப்புரிமையில் இருந்தது. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ராயல்டி கட்ட வேண்டிய நிலை. அந்தக் காப்புரிமைக்குள் சிக்காத புதுக் கருவி ஒன்று வேண்டும் என்பதுதான் ப்ளூம்லைனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஹெர்பர்ட் ஹோல்மன் என்ற சக இன்ஜினியருடன் சேர்ந்து அதைச் செய்து முடித்தார். ராயல்டி மிச்சமானது, ஒலியின் தரமும் உயர்ந்தது.

1931-ல் கொலம்பியாவும், எச்.எம்.வி. பெயரில் இசைத்தட்டு விற்ற கிராமபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. உருவானது. அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் அபே ரோடு ஸ்டூடியோ திறக்கப்பட்டது.

சினிமா தியேட்டரில் வந்த எரிச்சல்

1931-ல் ஒரு நாள், பின்னாளில் தன் மனைவியான டோரீனுடன் சினிமாவுக்குப் போயிருந்தார் ப்ளூம்லைன். பேசும் படங்கள் அப்போதுதான் புதிது. திரைக்கு ஒரே ஸ்பீக்கர். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரலோ வேறு இடத்திலிருந்து வருகிறது.

மற்றவர்கள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. ப்ளூம்லைனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆள் போகிற பக்கம் குரலும் போகும்படி செய்ய தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று டோரீனிடம் சொன்னார்.

அந்த ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி அவருடைய காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. 1933 ஜூன் 14-ம் தேதி 394,325 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதில் மொத்தம் 70 உரிமைக்கோரிக்கைகள்! ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. இரு காதுக்கானது என்ற பொருளில் பைனாரல் என்றே எழுதினார்.

அந்த ஒரே ஆவணத்துக்குள் இருந்தவற்றில் முக்கியமானவை:

- இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று 90 டிகிரி கோணத்தில் வைத்துப் பதிவு செய்யும் முறை. ஒலிப்பதிவாளர்கள் இன்றும் இதை 'ப்ளூம்லைன் ஜோடி' என்றுதான் அழைக்கிறார்கள்.
- இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு தனித்தனி ஒலிகளைப் பதியும் முறை.
- சினிமா படத்துடன் இரண்டு ஒலித்தடங்களைச் சேர்க்கும் யோசனை.
- 'ஷஃப்ளர்' என்று பின்னர் பெயர் பெற்ற சர்க்யூட்.

நம் தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் இருப்பது அந்தக் கடைசிப் புள்ளியில்தான்.

காது எப்படித் திசை கண்டுபிடிக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டாலும் பைக் எந்தப் பக்கம் வருகிறது என்று நமக்குத் தெரிகிறதே, எப்படி?

இடது பக்கம் வரும் பைக்கின் சத்தம் முதலில் இடது காதைத் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அதை வைத்தே மூளை திசையைக் கணக்குப் போட்டுவிடுகிறது. தாழ்ந்த ஸ்தாயி சத்தங்களுக்கு இந்த நேர வித்தியாசம் உதவும். உயர்ந்த ஸ்தாயி சத்தங்களைத் தலையே மறித்துக்கொள்வதால், அங்கே இரண்டு காதுக்கும் கேட்கும் அளவில் உள்ள வித்தியாசம் கைகொடுக்கும்.

இப்போது காதுகள் இருக்கும் இடைவெளியில் இரண்டு மைக்குகளை வைத்துப் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஹெட்போனில் கேட்டால் பிரச்சினை இல்லை. இடது மைக் கேட்டது இடது காதுக்கு, வலது மைக் கேட்டது வலது காதுக்கு. நேர வித்தியாசம் அப்படியே போய்ச் சேர்கிறது.

ஆனால் ஸ்பீக்கரில்? இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் இரண்டு காதுக்கும் போகின்றன. மைக்குகள் கஷ்டப்பட்டுப் பிடித்த அந்த நுண்ணிய நேர வித்தியாசம் குழம்பிப்போகிறது. கேட்பவருக்குத் திசை சரியாகத் தெரியாது.

ப்ளூம்லைன் கண்டுபிடித்த தீர்வு என்ன?

கேட்க விநோதமாக இருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில், ஆனால் வெவ்வேறு அளவில் ஒலித்தால் போதும் என்றார் ப்ளூம்லைன். இடது ஸ்பீக்கர் கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் வரும் அலைகள் ஒவ்வொரு காதிலும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்படிக் கலந்தபின், தாழ்ந்த ஸ்தாயிகளில் இடது காதுக்கு முன்னதாகவும் வலது காதுக்குத் தாமதமாகவும் சத்தம் வந்தது போன்ற நிலை தானாக உருவாகிவிடுகிறது. அதாவது, எது தொல்லை என்று நினைத்தார்களோ அந்தக் குறுக்குக் கசிவையே வேலைக்காரனாக மாற்றிவிட்டார்.

ஆக, மைக்குகள் பிடித்த நேர வித்தியாசத்தை ஸ்பீக்கருக்கு ஏற்ற அளவு வித்தியாசமாக மாற்ற வேண்டும். ஷஃப்ளர் சர்க்யூட்டின் வேலை அதுதான். இரண்டு மைக்குகளின் ஒலியையும் அது முதலில் கூட்டும். பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும். கழித்து வந்த வித்தியாசத்தில் தாழ்ந்த ஸ்தாயிகளை மட்டும் உயர்த்தும். பிறகு அந்தக் கூட்டலையும் கழித்தலையும் மறுபடி சேர்த்து இடது, வலது என்று பிரித்து அனுப்பும். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. டிரான்ஸ்ஃபார்மர், மின்தடை, மின்தேக்கி, கம்பிச் சுருள் இவற்றை வைத்தே இத்தனையும் நடந்தது. முழுக்க முழுக்க அனலாக்.

ரயிலைப் படம் பிடித்த ஆய்வகம்

காகிதத்தில் இருந்தது செயலுக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆனது. 1933 டிசம்பரில், லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் உள்ள இ.எம்.ஐ. வளாகத்தில் சோதனைப் பதிவுகள் நடந்தன. இன்ஜினியர்கள் மைக்குகளுக்கு முன்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டே பேசினார்கள். போட்டுக் கேட்டபோது குரலும் கூடவே நடந்தது.

1934 ஜனவரியில் அபே ரோடு ஸ்டூடியோவில் சர் தாமஸ் பீச்சம் தலைமையில் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு மொசார்ட்டின் 41-வது சிம்பொனியை வாசித்தது. அதையும் ப்ளூம்லைன் குழு ஸ்டீரியோவில் பதிவு செய்தது.

1935-ல் சினிமாவுக்கான முயற்சி. ஹேய்ஸ் ரயில் நிலையத்துக்கு வந்து போகும் ரயில்களைப் படம் பிடித்தார்கள். ரயில் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓட, சத்தமும் அதோடு ஓடியது. தியேட்டரில் டோரீனிடம் சொன்னதை நான்கே ஆண்டுகளில் செய்து காட்டிவிட்டார். அந்தப் படச்சுருள்கள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

அவ்வளவு நன்றாக வேலை செய்தும் இ.எம்.ஐ. அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. உலகப் பொருளாதார மந்தநிலையில் மக்கள் ஒரு ஸ்பீக்கர் வாங்கவே யோசித்த காலம் அது. நிறுவனத்தின் கவனம் முழுவதும் வேறொரு பெரிய திட்டத்தில் இருந்தது. ஸ்டீரியோ அலமாரிக்குள் போனது.

அடுத்தது டிவி

அந்தப் பெரிய திட்டம், தொலைக்காட்சி. ஜான் லோகி பேர்டின் நிறுவனம் 240 வரிகள் கொண்ட படத்தைக் காட்டியது. ஷோன்பெர்க் தலைமையிலான இ.எம்.ஐ. குழு துணிந்து 405 வரிகளுக்குப் போனது. 1936 நவம்பர் 2-ம் தேதி அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொலைக்காட்சிச் சேவை தொடங்கியபோது, இரண்டு முறைகளும் மாற்றி மாற்றி ஒளிபரப்பாகின. சில மாதங்களிலேயே பேர்டு முறை கைவிடப்பட்டது. வென்ற முறையின் சர்க்யூட்டுகளில் முக்கியமான பல, ப்ளூம்லைன் போட்டவை.

1937 மே 12-ம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை நேரலையில் காட்ட வேண்டியிருந்தது. ஹைடு பார்க் கார்னரிலிருந்து அலெக்சாண்ட்ரா பேலஸ் வரை லண்டன் நகரத்தின் அடியில் நீண்ட கேபிள் வழியே படம் போக வேண்டும். அவ்வளவு தூரத்தில் இரைச்சல் கலக்காமல் இருக்குமா?

அதற்குக் கைகொடுத்தது ப்ளூம்லைன் 1936-ல் காப்புரிமை கேட்ட இன்னொரு சர்க்யூட். கேபிளின் இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலை அது தள்ளிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கும். 'லாங் டெய்ல்டு பேர்' என்று அதற்குப் பெயர். இன்று எந்த எலக்ட்ரானிக் கருவியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் ஆப்-ஆம்ப் சில்லுகளின் வாசலில் நிற்பது இந்த அமைப்புதான்.

கவனித்தால் ஒன்று புரியும். ஸ்டீரியோவிலும் சரி, டிவி கேபிளிலும் சரி, ப்ளூம்லைன் செய்தது ஒரே வேலை. இரண்டை அருகருகே வைத்து, எது பொது, எது வித்தியாசம் என்று பிரித்துப் பார்ப்பது.

ரகசிய விமானமும் ஒரு நட்டும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. ப்ளூம்லைன் ரேடார் பணிக்குத் திருப்பப்பட்டார். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. இரவிலும் மேகத்திலும் கீழே என்ன இருக்கிறது என்றே விமானிகளுக்குத் தெரியாது. தரையை நோக்கி நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கடற்கரை, ஆறு, நகரம் எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டும் ரேடார் வேண்டும். ஹெச்2எஸ் என்பது அந்தக் கருவியின் ரகசியப் பெயர்.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. டெஃபோர்டு விமானத் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் ரக குண்டுவீச்சு விமானம் ஒன்று ஹெச்2எஸ் சோதனைக்காகக் கிளம்பியது. உள்ளே மொத்தம் 11 பேர். இ.எம்.ஐ. சார்பில் ப்ளூம்லைன், அவருடைய சகாக்கள் செசில் பிரவுன், ஃபிராங்க் பிளைத்தன் ஆகிய மூவரும் இருந்தார்கள். ப்ளூம்லைனுக்கு விமானம் என்றால் உயிர். அவரே விமானம் ஓட்டக் கற்றவர்.

பறந்துகொண்டிருந்தபோது வலது பக்க வெளி இன்ஜினில் தீப்பிடித்தது. தீ அணையவில்லை. தரையிறங்க இடம் தேடி வந்த விமானம், வை நதிக்கரையில் உள்ள வெல்ஷ் பிக்னர் கிராமத்துக்கு அருகே விழுந்து எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கூடவே சோதனைக் கருவியும் போனது.

விசாரணையில் தெரியவந்த காரணம் நெஞ்சை உலுக்கக் கூடியது. பராமரிப்பின்போது இன்ஜின் வால்வோடு சேர்ந்த ஒரு நட்டு சரியாக இறுக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது. அது தளர்ந்ததால் வால்வு உடைந்து, எரிபொருள் பற்றிக்கொண்டது. ஒரு நட்டு, 11 உயிர்கள்.

ப்ளூம்லைனுக்கு 39 வயது முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. டோரீனையும் இரண்டு சிறு மகன்களையும் விட்டுச் சென்றார். அவர் பெயரில் அப்போது 128 காப்புரிமைகள் இருந்தன.

ஏன் மறக்கப்பட்டார்?

இப்படி ஒருவர் இறந்தால் பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரேடார் ரகசியத்தில் எதிரிக்கு ஒரு துப்பும் கிடைக்கக்கூடாது என்பதால் விபத்தின் விவரங்கள் வெளியே விடப்படவில்லை. ஒரு கண்டுபிடிப்பாளருக்கு இயல்பாகக் கிடைக்கும் அஞ்சலிக் கட்டுரைகள், பாராட்டுக் கூட்டங்கள் எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு நடக்கவில்லை. போர் முடிந்தபோது உலகம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஹெச்2எஸ் பணி நிற்கவில்லை. பெர்னார்டு லவல் உள்ளிட்ட விஞ்ஞானிகள் தொடர்ந்தார்கள். 1943 ஜனவரி இறுதியில் அந்தக் கருவி ஹாம்பர்க் தாக்குதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதே தொழில்நுட்பத்தில் பிறந்த கடற்பரப்புத் தேடல் ரேடார், அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாட உதவியது. நகரங்கள் மீது குண்டு விழவும் கப்பல்களில் இருந்தவர்கள் உயிர் பிழைக்கவும் ஒரே கருவி காரணமானது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அலமாரியிலிருந்து வெளியே வந்த ஸ்டீரியோ

ஸ்டீரியோ காப்புரிமை, நீட்டிப்புக்குப் பிறகு 1952-ல் காலாவதியானது. 1955-ல் இ.எம்.ஐ. ஸ்டீரியோ டேப்புகளை விற்கத் தொடங்கியது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பெருமளவில் கடைக்கு வந்தன. ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில், 45 டிகிரி சாய்வில் இரண்டு ஒலிகள். 1931 ஆவணத்தில் இருந்த அதே யோசனை. காப்புரிமை முடிந்துவிட்டதால் அதைப் பயன்படுத்த யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீரியோவைக் கண்டுபிடித்தது இவர் ஒருவர் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. 1881-லேயே பாரிஸ் கண்காட்சியில் கிளெமென்ட் ஆடெர், ஓபரா இசையை இரண்டு டெலிபோன் ரிசீவர்களில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்க வைத்தார். 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று தனித்தனி ஒலிவழிகளில் வாஷிங்டனில் கேட்க வைத்தது. ஆனால் மைக்கில் தொடங்கி இசைத்தட்டு, சினிமா, ஸ்பீக்கர், காது வரை முழுப் பாதையையும் ஒரே ஆவணத்தில் யோசித்து முடித்தவர் ப்ளூம்லைன்.

கிராஸ்ஃபீட்: ப்ளூம்லைன் கணக்கின் மறுபக்கம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

ஹெட்போனுக்குப் பொருந்தும் பதிவை ஸ்பீக்கருக்கு எப்படி மாற்றுவது என்பது ப்ளூம்லைனின் கேள்வி. ஸ்டீரியோ பரவிய பிறகு கேள்வி தலைகீழானது. ஸ்பீக்கருக்காகக் கலந்த பாட்டை ஹெட்போனுக்கு எப்படி மாற்றுவது?

1961-ல் அமெரிக்க இன்ஜினியர் பெஞ்சமின் பாவர் இதற்கு ஒரு சர்க்யூட்டை வெளியிட்டார். இடது சேனலின் ஒலியில் கொஞ்சத்தை எடு. மிகச் சிறிதளவு தாமதப்படுத்து. தலை மறைப்பது போல உயர்ந்த ஸ்தாயிகளை மங்கலாக்கு. அதை வலது காதில் கல. வலதிலிருந்து இடதுக்கும் அப்படியே செய். 'கிராஸ்ஃபீட்' என்பது இதுதான். டெலிபோன் லைனில் தடுக்க வேண்டியிருந்த கசிவை, ஹெட்போனில் அளந்து ஊற்ற வேண்டியதாகிவிட்டது!

பெல் ஆய்வகத்தில் மான்ஃபிரெட் ஷ்ரோடரும் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி பிஷ்ணு அடலும் இதற்கு நேர் எதிரானதைச் செய்தார்கள். ஸ்பீக்கரில் இயல்பாக வரும் குறுக்குக் கசிவை எதிர் ஒலியால் ரத்து செய்து, இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தே அறையின் எந்த மூலையிலிருந்தும் சத்தம் வருவது போலக் கேட்க வைக்கலாம் என்று காட்டினார்கள்.

கூட்டல், கழித்தல் வித்தையும் தொடர்ந்தது. 1961-ல் அமெரிக்காவில் வந்த எஃப்.எம். ஸ்டீரியோ ரேடியோ இடது, வலது ஒலிகளின் கூட்டலையும் வித்தியாசத்தையும்தான் அனுப்பியது. பழைய ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ கூட்டலை மட்டும் கேட்டுக்கொள்ளும். 1970-களில் தியேட்டருக்கு வந்த டால்பி ஸ்டீரியோ, இரண்டே ஒலித்தடங்களுக்குள் நான்கு திசைகளை அடைத்தது. முதுகுக்குப் பின்னால் கேட்கும் சரவுண்ட் ஒலி, அந்த இரண்டு தடங்களின் வித்தியாசத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

தாமதமாக வந்த மரியாதை

1977-ல் லண்டன் ஈலிங் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 1990-களின் இறுதியில்தான் அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாற்று நூல்கள் வரத் தொடங்கின. 2015-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு, ஸ்டீரியோ கண்டுபிடிப்புக்காக அபே ரோடு ஸ்டூடியோவில் மைல்கல் பலகை வைத்தது. 2017-ல் தொழில்நுட்ப கிராமி விருது அறிவிக்கப்பட்டது. அவர் இறந்து அப்போது 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதில் ஒரு முரணும் உண்டு. ஆரம்பத்தில் சொன்ன பீட்டில்ஸ் ஆல்பங்களும் அதே அபே ரோட்டில்தான் பதிவாகின. ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் இசை என்று இரண்டு தடங்களில் பதிந்தது, பின்னால் ஒன்றாகக் கலந்து மோனோ பதிப்பு தயாரிப்பதற்காக. அதையே அப்படியே ஸ்டீரியோ என்று விற்றதால்தான் ஹெட்போனில் அப்படிக் கேட்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே கட்டடத்தில், ஒரு இசைக்குழுவில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக்கூடக் காதுக்குக் காட்டும்படி பதிவு செய்திருந்தார் ப்ளூம்லைன்.

அடுத்த முறை ஹெட்போனிலோ ஆப்பிலோ கிராஸ்ஃபீட் என்ற பட்டன் கண்ணில் பட்டால், அதை ஒருமுறை போட்டும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள். காதுகளுக்கு நடுவே தலைக்குள் அடைபட்டிருந்த பாட்டு கொஞ்சம் விரிந்து முன்னால் வரும். அந்தச் சின்ன மாற்றத்துக்குப் பின்னால், தியேட்டரில் தப்பான இடத்திலிருந்து வந்த ஒரு குரலைச் சகித்துக்கொள்ள முடியாத 28 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார்.